நிக்கல் நீரில் ஆறு சக்கரங்கள்

குமிழி மறுபடியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சக்கரத்தின் விளிம்பில், கடுகில் பாதிகூட இராத ஒரு காற்றுமணி, காப்பி குடித்து முடித்த பிறகும் எழுந்து போகாத விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது. அம்சவேணி செம்புக் கம்பியை மெல்ல அசைத்தாள். அது கழன்று மேலே போயிற்று. போன இடத்தில் இன்னொன்று வந்து அமர்ந்தது. ஹைட்ரஜன். கல்லூரியில் வேதியியல் நடத்திய காலமெல்லாம் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனவள்தான் அவள்: எதிர்மின்வாயில் உலோகம் படியும், உடன் சிறிதளவு ஹைட்ரஜன் வெளியேறும். வெளியேறும் என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள். வெளியேறாமல் உட்கார்ந்துகொண்டால் என்னாகும் என்று ஒரு பெண்ணும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பரீட்சைக்கு வராததைக் கேட்டு என் உயிரை வாங்காதே என்று வாயை அடைத்திருப்பாள். மாணவிகள் அவளுக்கு ஆசிட் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. உட்கார்ந்தால் அந்த இடத்தில் நிக்கல் படியாது, சுற்றிலும் படியும், கடைசியில் அம்மைத் தழும்பு போல ஒரு குழி மிஞ்சும், குழி விழுந்த சக்கரம் தண்டவாளத்தைச் சரியாகத் தொடாது, தொடாத சக்கரம் மின்சாரத்தை வாங்காது, வாங்காவிட்டால் எஞ்சின் ஓடாது, எஞ்சின் ஓடாவிட்டால்... அதற்கு மேல் அவள் மனம் போகவில்லை, அந்த இடத்துக்கு வந்ததும் அது வழக்கம்போல நொண்டி நின்றது. வீட்டின் பின்புறம், துவைக்கும் கல்லின்மேல் கண்ணாடிக் குடுவை. அதில் வினிகர் கரைசல், நிக்கல் கரைந்து பாசிப்பயறு கழுவிய நீரின் வெளிர்ப்பச்சைக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் நிக்கல் துண்டு, மறுபக்கம் பொம்மை ரயில் எஞ்சினின் ஓர் அச்சு, அதன் இரு முனைகளிலும் சுண்டுவிரல் நகத்தளவு சக்கரங்கள், இரண்டு டார்ச் செல்கள், இரண்டு முதலைக் கிளிப்புகள். உள்ளறையில் அவள் கணவர் குமரகுரு மதியத் தூக்கத்தில் இருந்தார். ஐந்து மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒருவன் வருவான். எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம், சிக்னல், நிலையம் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் காரில் ஏற்றுவான். அதற்குள் சக்கரங்கள் வெள்ளையாக வேண்டும், எஞ்சின் பலகைமேல் ஒரு சுற்றாவது ஓட வேண்டும், அந்த ஓசையைக் கேட்டு அவர் கண்விழிக்க வேண்டும். விழித்து? விழித்துத் தானாகவே மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், எவரும் எதுவும் சொல்லாமல். வாயாலேயே உலகத்தை நடத்திவந்த ஒரு பெண், வாய் திறக்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மை எஞ்சினைப் பேசவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறாள். கேவலம்தான். அம்சவேணி கம்பியை மறுபடி அசைத்தாள்.

முப்பது வருடத்துக்கும் மேலாக அவள் அந்த எஞ்சினைத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்பது குமரகுரு போட்ட சட்டம். தொட மாட்டேன் என்பது அவள் போட்டுக்கொண்ட வீம்பு. இரண்டும் சேர்ந்து ஒரு மோசமில்லாத தாம்பத்தியத்தை நடத்திவிட்டன. நூற்பாலை இயந்திரம் செய்யும் கம்பெனியில் அவர் இளம் எஞ்சினியராக இருந்தபோது பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். உடன் போனவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் டேப் ரெக்கார்டரும் தூக்கிவந்தார்கள். இவர் காலுறைக்குள் சுருட்டிய ஒரு எஞ்சினையும், புது மனைவிக்கென்று ஒரு கண்ணாடிக் குடுவையையும் கொண்டுவந்து இறங்கினார். மாமியார் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன ரசமா வெக்கறது?" என்றார். அவளோ அன்றிரவு அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஓர் அலை இல்லை, அளவுக்கோடுகள் மயிரிழை பிசகாமல் இருந்தன. இந்த ஆளோடு காலம் தள்ளிவிடலாம் என்று தோன்றிற்று. அதே குடுவைதான் இது. அப்புறம் ஒவ்வொரு போனஸுக்கும் பின்னறையில் தண்டவாளம் பதித்த பலகை வளர்ந்தது. ஒரு சுரங்கம், ஒரு பாலம், மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றிய புல்வெளி, ஆள் இல்லாத ஒரு நிலையம். பேர் வைக்காத நிலையம். என்ன பேர் என்று அவள் ஒருமுறை கதவருகில் நின்று கேட்டதற்கு, "இன்னும் முடிவு பண்ணல" என்றார், கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல. வண்டி ஓடி ஓடிச் சக்கரங்களின் வெள்ளை முலாம் தேய்ந்தது, அடியிலிருந்த பித்தளை மஞ்சளாக எட்டிப்பார்த்தது; பித்தளை கறுக்கும், கறுத்த இடத்தில் மின்சாரம் தடுமாறும்; எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் நிலையத்துக்குச் சற்று முன்னால் வளைவில் தயங்கி நின்றது. காரணம் அவருக்குத் தெரியாதா, அவர் எஞ்சினியர். சக்கரத்தைக் கழற்றத்தான் போனார். அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம். திறந்த கதவு வழியாகப் பார்த்தாள்: குமரகுரு மேசைக்கு அடியில் கையும் காலும் ஊன்றி, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, எள்ளளவு திருகாணி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார், வெளிச்சம் தரையில் இங்கும் அங்கும் அலைந்தது, வலது கை தரையில் ஊன்றியிருந்தபோதும் அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன, இல்லாத திருநீற்றைத் தேய்ப்பதுபோல. அவள் ஓசைப்படாமல் திரும்பிப் போனாள். மறுநாள் காலை அவர் செய்தித்தாளிலிருந்து கண் எடுக்காமல், "வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். எதை என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. "உங்க இஷ்டம்" என்றாள் அவள். வாழ்க்கையில் ஒரு நாளும் அவள் நாக்கில் வராத சொல் அது. அவரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினார்.

உங்க இஷ்டமாம். செம்புக் கம்பி விரலை அறுத்தது. மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள். வார்த்தைகள் எப்போது மென்மையாகின்றன என்று அவளுக்குத் தெரியும்: நோயாளியின் அறையில். அவர் இன்னும் நோயாளி ஆகவில்லை, நடக்கிறார், பேசுகிறார், வங்கிக்குப் போகிறார். அவர் படுக்கையில் விழுவதற்கு முன்பே இவள் வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டாள். டாக்டர் அந்த ஜெர்மன் பெயரா ஆங்கிலப் பெயரா என்று தெரியாத பெயரைச் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல் வீட்டுக்குள் வரவில்லை. உறவுக்காரர்களிடம் அவர் கழுத்து நரம்புப் பிடிப்பு என்றார், அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். சட்டைகளைத் தையல்காரரிடம் கொடுத்து, பொத்தான்களுக்குப் பதில் அழுத்தினால் ஒட்டும் பிரஸ் பட்டன்களை வைக்கச் சொன்னாள். இப்போது இதுதான் நாகரிகம் என்றாள். அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். காப்பியைப் பாதி டம்ளர் ஊற்றினாள். சர்க்கரைக்கு நல்லது என்று ஒரு காரணம் சொன்னாள், அவருக்குச் சர்க்கரையே கிடையாது. டாக்டரின் மேசையருகில் கண்ட காட்சி திரும்பத் திரும்ப வந்தது: கையை மடியில் வையுங்கள் என்றார் அந்த இளைஞர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள் என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, கணக்கில் பிசகே இல்லை. மடியில் கை மட்டும் தனியாக ஆடத் தொடங்கியது. குமரகுரு அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல, அதட்டவும் உரிமை இல்லாமல், பார்த்தார். இப்போது நீட்டிப் பிடியுங்கள் என்றார் டாக்டர், நின்றுவிட்டது. சும்மா இருக்கும்போதும் மனம் வேறெங்காவது இருக்கும்போதும்தான் அதிகம் வரும், ஒரு காரியத்தில் வைத்தால் ஆரம்பக் கட்டத்தில் அடங்கும் என்று விளக்கினார். திருகாணியைப் பிடிக்கும்போது மட்டும் ஏன் அடங்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. பயந்துகொண்டே பிடிப்பவனுக்கு எந்தக் கைதான் அடங்கும்.

கணபதிப் பகுதியில் முலாம் பூசும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் அங்கேதான் போனாள். சக்கரத்தின் அளவை அவள் சுண்டுவிரல் நகத்தில் காட்டியதும் பட்டறைக்காரர் சிரித்தார். "இது மூக்குத்தி சைஸ்ல இருக்குதுங்க. எங்க டிரம்முல போட்டா எங்க போச்சுன்னு தேடத் தனியா ஒரு ஆள் வேணும். நீங்களே வீட்டுல பண்ணிக்கலாமுங்களே." நிக்கல் துண்டு ஒன்றை மட்டும் தந்தார். நீங்களே பண்ணிக்கலாமே என்ற சொல் பேருந்தில் வரும்போதெல்லாம் காதில் இருந்தது. மின்முலாம் பற்றி அவள் எத்தனை வினாத்தாள் தயாரித்திருக்கிறாள், எத்தனை பேரைத் தேர்ச்சியும் தோல்வியும் அடையச் செய்திருக்கிறாள், ஆனால் தன் கையால் ஒரு கரண்டிக்குக்கூட முலாம் பூசியதில்லை. வீட்டுக்கு வந்து பழைய இணைய மோடத்தின் அடாப்டரில் ஒரு பித்தளைத் திருகாணியை மாட்டிப் பார்த்தாள். அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் கரிந்து வந்தது. மின்னோட்டம் அதிகம். அவசரப்பட்டால் கரியும் என்பது பாடத்தில் இருந்தது. எவ்வளவு நிதானம் போதும் என்பது இல்லை. டார்ச் செல்லுக்கு இறங்கினாள். இன்று அவர் குறட்டை கேட்டதும் அந்த அறைக்குள் திருடியைப் போல நுழைந்து, எஞ்சினை முதன்முறையாகக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும் என்று ஏன் நினைத்தாளோ, இரும்புக்குழவி மாதிரி இருந்தது. அச்சுகளைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, வினிகரில் அலசி, அதற்குப் பிறகு கையுறையில்லாமல் தொடவில்லை, ஏனென்றால் ஒரே ஒரு விரலின் எண்ணெய்ப் பசை போதும், முலாம் அந்த ரேகையைச் சுற்றி ஒதுங்கிப் போகும், யார் தொட்டது என்பது காலமெல்லாம் தெரியும்.

அந்த நேரத்தில்தான் வேலை முடித்துப் புறப்பட்ட பழனியம்மாள் பின்வாசலில் எட்டிப்பார்த்தாள். "ஏனுங் டீச்சரம்மா, ஊறுகாயா போடறீங்?"

"ஆமா. ரயில் ஊறுகாய். உள்ள இருக்கறவருக்கு வாய் செத்துப் போச்சுல்ல."

"வாய் செத்தது ஐயாவுக்கு இல்லீங், உங்களுக்குத்தானுங். முந்தியெல்லாம் நான் அரை மணி லேட்டுன்னா நீங்க பேசறது வாசல் கேட்டு வரைக்கும் கேக்கும். இப்ப கோயிலுக்குள்ள பேசறாப்ல பேசறீங். எனக்கே என்னமோ பண்ணுதுங்." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பையை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு அந்தச் சொல் கல்லின்மேல் கிடந்தது. என்னமோ பண்ணுதாம். திட்டு வாங்காததற்கு ஒருத்தி வருத்தப்படுகிறாள். உடனே கைப்பேசி அடித்தது. முதல் அச்சு குடுவையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் எடுத்தாள்.

"மேம், பிரணவ் பேசறேன். அவினாசி தாண்டிட்டேன், அஞ்சு மணிக்கு ஷார்ப்பா வந்துடுவேன். லோகோ ரன்னிங் கண்டிஷன்லதானே இருக்கு?"

"ஓடற மாதிரிதான் இருக்கு" என்றாள்.

"ஓடாட்டியும் நோ ப்ராப்ளம் மேம். எங்கிட்ட இருக்கற எதையும் நான் ஓட்டறதில்ல. எல்லாம் ஷோகேஸ்தான். லைட் போட்டு வெச்சா சூப்பரா இருக்கும்."

நல்ல பையன், மரியாதையான குரல், எந்தக் குற்றமும் சொல்ல முடியாது. அவள் அந்தக் குரலை அப்படியே வினிகரில் முக்க விரும்பினாள். ஷோகேஸ். கண்ணாடிக்குப் பின்னால், விளக்கொளியில், தேயாமல், ஓடாமல், என்றைக்கும் புதிதாக. அதற்கு ஏன் சக்கரம். பெட்டி போன பிறகு இந்த வீட்டின் பின்னறையில் வெறும் பலகை மிஞ்சும், புல்வெளி ஒட்டியிருந்த இடத்தில் பசைத்தடம் மிஞ்சும், அப்புறம் அவரும் கண்ணாடிக்குப் பின்னால்தான், ஜன்னலோரத்து நாற்காலியில், எதுவும் தவறி விழாதபடி கையில் எதையும் எடுக்காமல், சுத்தமாக, பாதி டம்ளர் காப்பியோடு. நோய் கையிலிருந்து காலுக்குப் போக எவ்வளவு காலமாகும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் கையிலிருந்து மனத்துக்கு அது ஏற்கெனவே போய்விட்டது, அதை வண்டி ஏற்றி அனுப்பியவளே இவள்தான். பேசி வைத்துவிட்டுப் பார்த்தபோது கம்பியைப் பிடித்த கை அசையாமல் நின்றிருந்தது தெரிந்தது. எடுத்தாள். சக்கரம் வெள்ளையாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினாள். விளிம்பெங்கும் குழிகள். உறுதியான கை; நீட்டினால் நீட்டிய இடத்தில் நிற்கும் கை; அந்தக் கையைப் பற்றி இந்த ஒரு வருடமாக அவளுக்கு ஒரு ரகசியக் கூச்சம் இருந்தது, சோறு பரிமாறும்போதுகூட அவர் பார்க்கிறாரோ என்று. இன்றைக்கு அதே உறுதிதான் வேலையைக் கெடுத்திருக்கிறது. குழி விழுந்த அச்சை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டாவதை இறக்கினாள். அப்போதிலிருந்துதான் அசைத்துக்கொண்டிருக்கிறாள். தோள்பட்டை வலித்தது. ஒரு சீராக அசைக்கவும் முடியவில்லை. வேகமாக அசைத்தால் சக்கரம் குடுவையில் இடித்தது, மெதுவாக அசைத்தால் குமிழி சிரித்துக்கொண்டு உட்கார்ந்தது. சின்னச் சின்னதாக, விடாமல், நிற்காமல் ஓர் அசைவு வேண்டும். பெரிய பட்டறைகளில் அதற்கென்றே மோட்டார் வைத்திருக்கிறார்கள். மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா. தையல் மெஷினின் மோட்டாரைக் கட்டலாமா. மாலை ஐந்து மணிக்குள் யார் கொண்டுவந்து தருவார்கள். சின்னச் சின்னதாக. விடாமல். நிற்காமல். அவளுக்குள் ஏதோ ஒன்று அந்தச் சொற்களைத் தனக்குத்தானே திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்ன பிள்ளையைப் போல வாயைப் பொத்திக்கொண்டது.

உள்ளே ரப்பர் செருப்புத் தரையை இழுக்கும் ஓசை கேட்டது. முன்பெல்லாம் அவர் நடந்தால் ஓசையே இருக்காது. பின்னறைக்குப் போகிறது. நிற்கிறது. அங்கே பலகைமேல் எஞ்சினின் கூடு குடல் உருவியதுபோல் கிடக்கும், மறைத்துவிட்டு வந்திருக்கலாம். மறைத்து என்ன, மறைத்து மறைத்து என்ன ஆயிற்று. ஓசை இந்தப் பக்கம் திரும்பியது. குமரகுரு வாசற்படியில் வந்து நின்றார், வலது கை வேட்டி மடிப்புக்குள், தலைமுடி ஒரு பக்கம் நசுங்கி.

"அம்சா. என்ன அது?"

"அச்சு."

"அது தெரியுது. ஆரைக் கேட்டுக் கழட்டுன?"

"ஆரையும் கேக்கல."

"அஞ்சு மணிக்கு ஆள் வர்றான். இப்படி அக்குவேறா பிரிச்சுப் போட்டு வெச்சிருக்க. நான் என்னத்தைத் தூக்கிக் குடுக்கறது?" குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் குனிந்து, ஒதுக்கிவைத்த அச்சை இடது கையால் எடுத்துக் கண்ணுக்கருகில் கொண்டுபோனார். "இது என்ன, அம்மை போட்டிருக்கு?"

"குமிழி உக்காந்துருச்சு. அசைக்கணும். நான் போன்ல பேசிட்டு அசைக்காம விட்டுட்டேன். அவன் இத ஷோகேஸ்ல வைக்கப் போறானாம்."

"வெச்சுட்டுப் போறான். ஓட்டறதுக்கு இங்க ஆரு இருக்கா?"

இங்கே அவள் வழக்கமாகச் சொல்லும் ஒன்று இருந்தது. ஏன் இப்படியெல்லாம் பேசறீங்க, எல்லாம் சரியாயிடும். அது நாக்கின் நுனிவரைக்கும் வந்தது, பாதி டம்ளர் காப்பியைப் போல இளஞ்சூடாக. அவள் அதை விழுங்கினாள். பச்சை நீரில் குமிழிகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் இந்த அச்சும் போயிற்று.

"உங்க கை நடுங்குது" என்றாள்.

பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். வீட்டுக்குள் ஒரு வருடமாக வராத சொல் வந்து துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தது, ஒன்றும் இடிந்து விழவில்லை. குமரகுரு அச்சை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"டாக்டர் சொன்ன அன்னிக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும், அம்மிணி. நீ பாதி டம்ளர் ஊத்த ஆரம்பிச்ச அன்னிக்கே." அவர் படியில் மெல்ல உட்கார்ந்தார். "ஊர்ல இருக்கறவன் எல்லாத்துக்கும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவ. உங்க பிரின்சிபாலுக்குச் சொன்ன. எங்கக்காளுக்கு அவ வீட்டுக் கல்யாணத்துலயே சொன்ன. எனக்குன்னு வந்தா மட்டும் பாதி டம்ளர். நான் செத்துட்டனாட்ட இருக்குது. அதான் நானும் ஒவ்வொண்ணா எடுத்து வெளிய குடுத்தர்லாம்னு பாத்தேன்."

அழுவது பிறகும் செய்யலாம், நிக்கல் காத்திராது. "சரி. சொல்லியாச்சு. இப்ப இந்தக் கம்பியப் பிடிங்க."

"எதுக்கு?"

"நடுங்கறதுக்கு."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் குடுவையைக் காட்டினாள், குமிழிகளைக் காட்டினாள், பாடம் நடத்தினாள், பரீட்சைக்கு வராத பாடம்: சின்னச் சின்னதாக, விடாமல் அசைய வேண்டும், தன் கை கட்டை, பட்டறையில் மோட்டார் வைத்துச் செய்கிற வேலை. "வருசம் பூரா சும்மா ஆடி வீணாப் போகுது. கொஞ்சம் வேலை பாக்கட்டும்." சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு கொடூரமாகச் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. கணபதிப் பட்டறைக்காரரிடம்கூட இப்படிப் பேசியிருக்க மாட்டாள். குமரகுருவின் தோள் குலுங்கத் தொடங்கியது. நோயா என்று ஒரு கணம் பதறினாள். நோய் இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், ஓசையில்லாமல், கண்ணில் நீர் வருமளவுக்கு, கல்யாணமான புதிதில் அவர் அம்மா குடுவையில் ரசம் வைக்கலாமா என்று கேட்ட இரவில் சிரித்ததுபோல.

"ஆசிட்டுன்னு உனக்குச் சரியாத்தான் பேர் வெச்சிருக்காளுக."

வலது கை வேட்டி மடிப்பிலிருந்து வெளியே வந்தது. முழங்கையை முழங்கால்மேல் ஊன்றி, கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கை அசையவே இல்லை. கல்லில் செதுக்கிய கை. சக்கரங்கள் பச்சை நீரில் செத்த மீன்களாகத் தொங்கின, குமிழிகள் கூடின.

"பாத்தியா" என்றார். "வேண்டாங்கறப்ப ஆடும். வேணுங்கறப்ப நின்னுக்கும்."

"உங்க வம்சமே அப்படித்தான். அதையே பாத்துட்டிருந்தா எப்படி வரும், வேற எதையாச்சும் நெனைங்க."

"என்னத்த நெனைக்கறது?"

டாக்டரின் நூறும் ஏழும் அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கணக்கை இந்தக் கல்லுக்குக் கொண்டுவர அவள் விரும்பவில்லை. "ஊட்டி ரயில்ல எத்தனை தடவை போயிருக்கீங்க. ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லுங்க. மேல இருந்து கீழ, தலைகீழா."

"பரீட்சையா?"

"ஆமா. தப்பாச் சொன்னா மார்க் கிடையாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஊட்டி. லவ்டேல். கேத்தி." கை சும்மா இருந்தது. "அரவங்காடு. வெலிங்டன். இரு, வெலிங்டன்ல எறங்கி ஒருக்கா முறுக்கு வாங்கப் போயி நீ வண்டிய விட்டுட்டியே." "நான் விடல, வண்டி என்னை விட்டுட்டுப் போச்சு" என்றாள். "குன்னூர்" என்றார், அடுத்தது வரவில்லை, நெற்றி சுருங்கியது. அவர் மனம் மலைப்பாதையில் எங்கோ பல்சக்கரம் கடித்து இறங்கும் ஒரு வண்டியில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசிற்று. ஒருமுறை. மறுபடியும். கம்பி சிலிர்த்தது, பச்சை நீருக்குள் சக்கரங்கள் சின்னச் சின்னதாக, விடாமல், எந்த மோட்டாருக்கும் வராத ஒரு நிதானத்தோடு துடித்தன, உட்கார்ந்திருந்த குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து, விடைபெற்று, மேலே போயின. அம்சவேணி மூச்சு விடவில்லை. வந்துவிட்டது என்று சொல்லக் கூடாது, சொன்னால் நின்றுவிடும். இது குணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கை நாளைக்கும் திருகாணியைத் தவறவிடும். ஒருநாள் இந்தக் கம்பியையும் தவறவிடலாம். அடுத்த வருடம் இந்த அசைவு எங்கே போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொள்ள இன்றைக்கு அவளால் முடிந்தது. விளிம்பில் வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது, பாலாடை படிவதுபோல, ஒரு குழி இல்லாமல்.

"காட்டேரி" என்றார் குமரகுரு, கண் திறக்காமல். "அதுக்குக் கீழ ரன்னிமேடு."

வாசலில் கார் வந்து நின்றது. கேட்டின் தாழ்ப்பாள் தட்டப்பட்டது. "மேம்?" என்றது மரியாதையான குரல். அவள் அசையவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து, ஒதுக்கிவைத்த குழி விழுந்த அச்சையும், இன்னும் முலாம் ஏறாத மூன்றாவதையும் பார்த்தார்.

"போய்த் தொற" என்றார். "பாவம், அத்தனை தூரம் வந்திருக்கான். உக்கார வெச்சுக் காப்பி குடு."

"கேட்டா என்ன சொல்லட்டும்?"

"வண்டி ஷெட்ல இருக்குன்னு சொல்லு."

"எப்ப வெளிய வரும்னு கேப்பான்."

"ரெண்டு அச்சு பாக்கி இருக்குது. வளைவுல தண்டவாளம் தேய்ஞ்சிருக்கு. ஸ்டேஷனுக்கு இன்னும் பேர் வைக்கல." அவர் யோசித்தார். "ஒண்ணும் சொல்லாத. ஷெட்ல இருக்குன்னு மட்டும் சொல்லு. எனக்குக் காப்பி முழு டம்ளரா ஊத்து. சிந்துனா சிந்தட்டும், நீ தொடச்சுக்க."

"நான் ஏன் தொடைக்கணும், நீங்க தொடச்சுக்கங்க" என்றாள் அம்சவேணி, எழுந்தாள், கையுறையைக் கழற்றிக் கல்லின்மேல் எறிந்தாள். "வர்றேன், இருப்பா, கேட்ட உடைச்சுடாத" என்று அவள் போட்ட குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அடுக்களையைத் தாண்டும்போது மூன்று டம்ளருக்குப் பாலை அடுப்பில் ஏற்றினாள். பின்னாலிருந்து அவர் குரல் சன்னமாக வந்துகொண்டிருந்தது, ஹில்குரோவ், அடர்லி, கல்லாறு. மேட்டுப்பாளையத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு, யாரும் கேட்காமலேயே, மறுபடியும் கல்லாறு என்று மேலே ஏறத் தொடங்கியது.